ஒரு சிலேடையும் ஓர் ஆண்டும்

போட்டிப் பாட்டில் அரசியல் கூடாது என்கிறது, நாடுகள் பாட்டு அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷனின் விதி. நடத்துகிற ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வரிகளை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடும். பாட்டு எழுதிப் பிழைக்கும் நமக்கு, அந்தக் கண்ணில் எது மாட்டியது, எது நழுவியது என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

2009 போட்டி மாஸ்கோவில். முந்தைய ஆகஸ்ட்டில்தான் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டிருந்தன. ஜார்ஜியா தேர்ந்தெடுத்த பாட்டு, 'வீ டோன்ட் வான்னா புட் இன்'. கடைசி இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், புடின் வந்துவிடுவார். சிலேடை என்றால் இரண்டு பொருளும் தனித்தனியே நிற்க வேண்டும். காளமேகம் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இதிலோ புடினை எடுத்துவிட்டால் மிச்சமுள்ள ஆங்கிலத்தில் பொருளே தேறாது. வரியை மாற்றுங்கள், இல்லையேல் வேறு பாட்டு அனுப்புங்கள் என்றது ஒன்றியம். ஜார்ஜியா விலகிக்கொண்டது. தணிக்கை என்று கோபப்படலாம்தான். எனக்கென்னவோ, முதல் கோளாறு எழுத்திலேயே இருந்தது.

2016இல் ஸ்டாக்ஹோமில் உக்ரைனின் ஜமாலா பாடியது '1944'. அந்த ஆண்டு மே மாதம் ஸ்டாலின் அரசு கிரிமியத் தாத்தார்களை ஊர் ஊராக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு விரட்டியது. ஜமாலாவின் கொள்ளுப்பாட்டி அந்த ரயிலில் ஒரு மகளைப் பறிகொடுத்தவர். பாட்டில் ஸ்டாலின் இல்லை, ரஷ்யா இல்லை, கிரிமியா என்ற பெயர்கூட இல்லை. யாரோ வீட்டுக்குள் வருகிறார்கள், அவ்வளவுதான். பல்லவி மட்டும் தாத்தார் மொழியில். 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டதைக் கேட்கிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். ரஷ்யத் தரப்பு ஆட்சேபித்தது. தலைப்பிலும் வரியிலும் அரசியல் இல்லை என்று ஒன்றியம் சொல்லிவிட்டது. 534 புள்ளிகளோடு முதலிடம்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1974, பிரைட்டன். போர்ச்சுகலுக்காக பாவ்லோ டி கார்வாலோ பாடியது பிரிவுத் துயரம். கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட நான்கு நாடுகளில் போர்ச்சுகலும் ஒன்று. சில வாரங்களில், ஏப்ரல் 24 இரவு 10.55க்கு, லிஸ்பன் வானொலியில் அதே பாட்டு ஒலித்தது. முகாம்களில் வானொலிப் பெட்டியருகே காத்திருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கு அது முதல் சைகை: தயாராகுங்கள். மறுநாள் அவர்களுடைய புரட்சியில் போர்ச்சுகலின் சர்வாதிகாரம் கவிழ்ந்தது. எந்தத் தணிக்கையாளர் படித்தாலும் அந்தப் பாட்டில் அடிக்க ஒரு சொல் அகப்பட்டிருக்காது. அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.