ஓடினனா? ஓட்டினனா?

போன கிழமை பாரிசிலிருந்து தங்கச்சியின்ரை மகன் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வசனங்களைப் பிரெஞ்சுக்கு மாற்றக் கொடுத்தார்களாம். 'ரன்' என்று வந்த இடமெல்லாம் 'கூரீர்' என்று போட்டிருக்கிறான். தாள் முழுக்கச் சிவப்பு மை!

ஆள் ஓடினால்தான் கூரீர். மூக்கு ஓடினால் 'கூலே', வழிகிறது. எஞ்சின் ஓடினால் 'தூர்னே', சுழல்கிறது. கடை நடத்தினால் 'தெனீர்', பிடித்திருக்கிறது. ஆங்கிலேயன் ஒரு சொல்லால் சமாளித்ததைப் பிரெஞ்சுக்காரன் நாலாக்கி வைத்திருக்கிறான்.

ஸ்பிரிங்வேல் வீட்டுக் குசினியில் இருந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இதே சொல் எனக்குத் தமிழுக்குள்ளேயே வினையாக வந்தது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாகனம் ஓட்டுவதில்லை, ஓடுவோம். "அவர் பஸ் ஓடுறவர்" என்றால் அவர் சாரதி. தமிழ்நாட்டில் ஆள்தான் ஓடுவார், பஸ்ஸை ஓட்டுவார். அகதி விசாரணையில் நான், "செல் விழேக்கை லொறி ஓடிக்கொண்டு வந்தனான்" என்றேன். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனுசன். நான் லொறிக்குப் பின்னால் ஓடினதாகச் சொல்லிவிட்டார். "எழுத்தில் சாரதி என்றிருக்கிறதே, எது உண்மை?" என்று அதிகாரி கேட்டார். அரைகுறை ஆங்கிலம் தெரிந்ததால் இடைமறித்துத் திருத்தினேன். தெரியாதவன் என்ன செய்வான்? முன்னுக்குப் பின் முரண் என்று எழுதிவிட்டால், அவன்ரை மற்றக் கதையையும் ஆர் நம்புவது?

அவுஸ்திரேலியாவில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973இல் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளருக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் 'நாட்டி' 1977இல் வந்தது. பல நாடுகளில் இல்லாத வசதி, குறை சொல்ல மனமில்லை. ஆனால் 'தமிழ்' என்று ஒரு பெயர் இருப்பதால் தமிழ் ஒன்றுதான் என்று நினைக்கக்கூடாது. விளங்காத இடத்தில் "இதன் கருத்தென்ன?" என்று திருப்பிக் கேட்பது மொழிபெயர்ப்பாளருக்கு வெட்கமில்லை, அதுதான் அவருடைய வேலை.

விசாரணைக்குப் போகிற பிள்ளைகளே, இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முதலே கேளுங்கோ. கிடைக்காவிட்டால் "ஓடினேன்" என்று விடாமல், "நான்தான் சாரதி" என்று விளங்கச் சொல்லுங்கோ.

மருமகன் கடைசியாகக் கேட்டான்: "மாமா, நீங்கள் ஊரை விட்டு ஓடி வந்ததுக்கும் கூரீர் இல்லையாம். 'ஃபுயீர்' எண்டு வேறை சொல்லாம். பைப்பிலை தண்ணி ஒழுகிறதுக்கும் அதுதானாம்."

அவனுக்குப் புள்ளி குறைந்ததோடு போயிற்று. எங்களில் சிலருக்கு விசா அல்லவா போகும்?