கேளையாட்டுப் பின்னால் போனது போதும்! நியாயம் கேட்டுப் புறப்படுவோம்!

 

சாமை கதிர் பிடித்தால் நமக்குத் தூக்கம் போச்சு. மொச்சை பூ வைத்தால் வீட்டுச் சோறு போச்சு. பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டித் தட்டிக் கை மரத்துப்போகிறது. விடிந்தால் ஊரில் ஒரே பேச்சுதான்: "பன்றி புகுந்துடுச்சு, மான் மேஞ்சுடுச்சு, கேளையாடு துளிரைக் கிள்ளிட்டுப் போயிடுச்சு."

இந்த வேதனையைப் பற்றி நம் சங்கம் பலமுறை பேசியிருக்கிறது. இன்றைக்கு நமக்குள்ளேயே பேச வேண்டிய ஒன்றைப் பேசப் போகிறேன். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் படியுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாசம். நான் என் கொல்லையில் பரண் மேல் இருந்தேன். பக்கத்துக் கொல்லைக்காரர் மகன் நாட்டுத் துப்பாக்கியோடு வந்தான். "பெரியப்பா, ஓடைப் பக்கம் கேளையாடு நிக்குது. நீங்க இறங்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே இறங்கிப் போனேன்.

அந்த வித்தை எனக்கும் தெரியும். வயசுப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பா பின்னால் போனவன்தான் நானும். கேளையாடு கூட்டமாக வராது, ஒண்டியாக வரும். அந்தி சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் வரும். நெல்லிக்காய் உதிர்ந்து கிடக்கிற மரத்தடிக்கு வரும். காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் அடிக்க வேண்டும். காய்ந்த சருகை மிதிக்கக் கூடாது. வாசனை பட்டுவிட்டால் நாய் குரைப்பது மாதிரி குரைத்து மலைக்கே சொல்லிவிடும்.

பையன் வரப்போரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போனான். புதர் அசைந்தது. துப்பாக்கியைத் தூக்கினான். அந்த நேரம் புதருக்குள்ளிருந்து ஒரு இருமல் சத்தம் வந்தது. மனுஷ இருமல்! போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு காவலுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் அவனுடைய சொந்தச் சித்தப்பா.

துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பையன் சேற்றிலேயே உட்கார்ந்து நடுங்கியதை நான் மறக்கவே மாட்டேன். அந்த இருமல் வராமல் இருந்திருந்தால்? ஒரு குடும்பம் சுடுகாட்டுக்கு, ஒரு குடும்பம் ஜெயிலுக்கு. எதற்காக? நாலு மொச்சைத் துளிருக்காக!

உண்மையைப் பேசுவோம்

ஒரு கேளையாட்டின் எடை இருபது, இருபத்தைந்து கிலோ. அது துளிரையும் பூவையும் உதிர்ந்த பழத்தையும் கிள்ளித் தின்னும். நஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு காணி சாமையை உழுது போடுகிறது காட்டுப்பன்றி. அதை நம்மால் நெருங்க முடியவில்லை. அந்தக் கோபத்தைச் சாதுவான கேளையாட்டின் மேல் காட்டுகிறோம். அதில் கறி ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை நெஞ்சில் கை வைத்து ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கறிக்கு விலை பேசிக்கொண்டு கீழ்நாட்டிலிருந்து யாராவது வந்தால், தடம் காட்டப் போகிறவன் நம் பிள்ளை. மாட்டிக்கொண்டால் வந்தவன் வண்டியில் பறந்துவிடுவான், கம்பி எண்ணப் போகிறவனும் நம் பிள்ளைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கேளையாடு மூன்றாவது அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தார்கள். இன்றும் அது பாதுகாக்கப்பட்ட விலங்குதான். கொன்றால் மட்டும்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். கண்ணி வைப்பதும் வேட்டை, முயற்சி செய்வதும் வேட்டை. சாதாரணக் குற்றத்துக்கே மூன்று வருஷம் வரை ஜெயில். 25 ஆயிரமாக இருந்த அபராத உச்சவரம்பை அந்தத் திருத்தத்தில் ஒரு லட்சமாக்கிவிட்டார்கள். தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை. பயிரைக் காப்பாற்றக் கொன்றேன் என்றால் அந்த மன்னிப்பு கிடையாது.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நமக்கு நிலத்திலும், தேன், நெல்லி, கடுக்காய் போன்ற சிறு வன மகசூலிலும் உரிமை கொடுத்தது. அதே சட்டம் வேட்டையாடும் பழைய வழக்கத்தை மட்டும் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே "எங்க பாட்டன் காலத்து உரிமை" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது.

துப்பாக்கி வேண்டாம், கம்பியில் கரண்ட் விட்டால் போகிறது என்று சிலர் சொல்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி விட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டும் தாயை விட்டு நகராமல் அங்கேயே நின்றதை நாடே பார்த்தது. நிலத்துக்காரரைக் கைது செய்தார்கள். அந்தக் கம்பிக்கு யானை எது, கேளையாடு எது, தண்ணி பாய்ச்சப் போகிற நம் வீட்டுப் பெண் எது என்று தெரியுமா?

இங்கிலாந்தில் சுடுகிறார்களே?

படித்த பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "இங்கிலாந்துல இதே சாதி மானை வருஷம் பூரா சுடலாமாமே?" உண்மைதான். ஆனால் கதையை முழுசாகக் கேளுங்கள். அது நம்ம ஊர்க் கேளையாடு இல்லை, சீனாவிலிருந்து போன அதன் பங்காளி. நூறு வருஷத்துக்கு முன்னால் பெட்ஃபோர்டு பிரபு தன் வோபர்ன் பண்ணையில் அழகுக்கு வளர்த்தது வெளியேறி நாடு முழுக்கப் பெருகிவிட்டது. அதைத் தின்னப் புலி, சிறுத்தை, செந்நாய் எதுவும் அங்கே இல்லை. லைசென்ஸ் துப்பாக்கியோடு, நிலத்துக்காரர் அனுமதியோடு சுடுகிறார்கள். இங்கே கேளையாடு வந்தேறி இல்லை. நம்மைப் போலவே இந்த மலைக்குச் சொந்தக்காரன். கேளையாடு குறைந்தால் சிறுத்தை எதைத் தின்னும்? பட்டியில் இருக்கிற நம் ஆட்டைத்தான்.

குற்றவாளி யார்?

அப்படியானால் பயிரை மேயவிட்டு வேடிக்கை பார்ப்பதா? இல்லை! இல்லவே இல்லை!

"காட்டோரம் பயிர் வெச்சா மிருகம் வரத்தான் செய்யும்" என்று நமக்குப் புத்தி சொல்கிறார்களே, அவர்களைக் கேட்கிறேன். 1882-இல் வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டம் போட்டுக் காப்புக்காடு என்று கோடு இழுப்பதற்கு முன்பே இந்த மலையில் சாமை விதைத்தவர்கள் நாங்கள். நாங்கள் காட்டோரம் வந்தோமா, காட்டின் கோடு எங்கள் வீட்டோரம் வந்ததா? காட்டில் உண்ணிச்செடி மண்டிப் புல் போய்விட்டது, கோடையில் குட்டை வற்றிவிட்டது. மேய்ச்சலும் தண்ணியும் இருந்தால் கேளையாடு ஏன் நம் வரப்புக்கு வருகிறது?

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு அறிவிப்புச் செய்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்த பன்றியை வனத்துறையே சுடும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடும். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடவும் கிடையாது, பிடிக்கவும் கிடையாது. சமவெளி விவசாயிக்கு இது ஓரளவு பயன்படலாம். நமக்கு? ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் காப்புக்காட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி எத்தனை கொல்லை இருக்கிறது? நடந்து பார்த்துச் சொல்லட்டும்! அதிகமாக நஷ்டப்படுகிற மலை விவசாயியை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரீப் பருவம் முதல் வன விலங்கு நஷ்டத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. எந்த விலங்கு, எந்தப் பகுதி என்று பட்டியல் போட வேண்டியது மாநில அரசு. நஷ்டமானால் 72 மணி நேரத்துக்குள் போன் செயலியில் போட்டோவோடு பதிய வேண்டுமாம். சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறுகிற நமக்கு இந்த 72 மணி நேரம் எப்படிப் போதும்?

நம் கோரிக்கைகள்

1. எந்த விலங்கு மேய்ந்தது என்று பிரித்துப் பார்க்காமல் பயிர் நஷ்டத்துக்கு உரிய ஈடு கொடு! பன்றியோடு மானையும் கேளையாட்டையும் காப்பீட்டுப் பட்டியலில் சேர்! சாமையையும் மொச்சையையும் கொள்ளையும் விட்டுவிடாதே!

2. பட்டா இல்லை என்று திருப்பி அனுப்பாதே! வன உரிமைப் பத்திரத்தை ஏற்றுக்கொள்!

3. கிலோமீட்டர் கணக்கை மலைக்கு ஏற்ற மாதிரி மாற்று! கேரளத்தில் 2022-இல் காட்டுப்பன்றி விஷயத்தில் ஊராட்சித் தலைவருக்கே அதிகாரம் கொடுத்தார்களே, இங்கே நம் கிராம சபைக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

4. விதிமுறைப்படியான சோலார் வேலியை அரசு செலவில் போட்டுக் கொடு! காட்டுக்குள் உண்ணிச்செடியை அகற்று, குட்டையைத் தூர் வாரு! அந்த வேலையை மலை மக்களுக்கே கொடு!

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எந்தக் கொல்லை, என்ன பயிர், எவ்வளவு நஷ்டம் என்று எழுதுங்கள். குளம்புத் தடத்தையும் மேய்ந்த பயிரையும் போட்டோ எடுங்கள். மனுவை ரெண்டு பிரதியாகக் கொடுத்து ஒன்றில் சீல் வாங்குங்கள். வருஷத்தில் ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகப் போடுங்கள். பெண்கள் அவசியம் வர வேண்டும். ராத்திரி காவலில் பாதி அவர்களுடையதுதான்.

கண்ணியை அவிழ்த்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒப்படைத்துவிடுங்கள். பயந்துபோய்ச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் ஆள் ஒருவன் கேளையாட்டுக் கறியோடு பிடிபட்டால், மறுநாள் ஈடு கேட்டு நிற்கிற நூறு பேரையும் "வேட்டைக்காரப் பசங்க" என்று ஒரே வார்த்தையில் துரத்திவிடுவார்கள். அந்த வார்த்தையை நாமே அவர்கள் வாயில் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அன்றைக்கு நடுங்கிய அந்தப் பையன் இன்று நம் சங்கத்தில் இருக்கிறான். இந்த நோட்டீஸை வீடு வீடாகக் கொண்டு வருகிறவர்களில் அவனும் ஒருவன். பதுங்கிப் பதுங்கிப் போன கால் இப்போது நிமிர்ந்து நடக்கிறது. வாருங்கள், எல்லோரும் நிமிர்ந்தே நடப்போம்!

காட்டைக் காப்போம்! பயிரைக் காப்போம்! உரிமையை வென்றெடுப்போம்!

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
சங்கச் செயலாளர், ஜவ்வாது மலை