இருமினாலே பயமா? ஆபரேஷனுக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்!

தக்காளிக் கூடையைத் தூக்கும்போது, குடத்தை இடுப்பில் ஏற்றும்போது, இருமும்போது, வாய்விட்டுச் சிரிக்கும்போது சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. இதை வெளியே சொல்லத் தயங்கும் பெண்கள் எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கம் நிறையப் பேர். திண்டுக்கல் பஸ் ஏறுவதற்கு முன் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் ஓரமாகத்தான் உட்காருவார்கள். ‘புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஒரு நாள் துணிந்து டாக்டரிடம் போனால், ‘ஆபரேஷன் செய்துவிடலாம்’ என்கிறார். எவ்வளவு ஆகும், நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நியாயமான கவலைதான். ஆனால், ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும் தோழிகளே!

முதலில், எந்த வகைக் கசிவு?

இருமல், தும்மல், பாரம் தூக்குதல் இவற்றால் வருவது ஒரு வகை. பிரசவத்தாலும் வயதாலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வது இதற்கு முக்கியக் காரணம். ‘அவசரம்’ என்று தோன்றி, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. இங்கே பேசப்போகும் ஆபரேஷன்கள் முதல் வகைக்கு மட்டுமே. இரண்டாவது வகைக்குச் சிறுநீர்ப்பையைப் பழக்கும் பயிற்சியும் மாத்திரைகளும்தான் முதல் வழி. சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கசிவு நின்றுவிடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். அது இதற்கான வைத்தியம் அல்ல.

செலவே இல்லாத வைத்தியம்

1948-ல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் எழுதிய பயிற்சி இது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 முறையாவது, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். எந்தத் தசை என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது முக்கியம். பலர் வயிற்றையும் தொடையையும் இறுக்கிவிட்டு, ‘பலன் இல்லை’ என்கிறார்கள்.

நெதர்லாந்தில் 460 பெண்களிடம் செய்து 2013-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குப் பயிற்சி. ஒரு வருட முடிவில், முன்னேற்றம் தெரிகிறது என்று சொன்னவர்கள் ஆபரேஷன் பக்கம் சுமார் 91 சதவீதம், பயிற்சிப் பக்கம் 64 சதவீதம். ஆபரேஷன் ஜெயித்தது உண்மைதான். ஆனால், பயிற்சியில் தொடங்கியவர்களில் 49 சதவீதம் பேர்தான் பிறகு ஆபரேஷனுக்கு மாறினார்கள். மற்ற பாதிப் பேர் அந்த ஒரு வருடம் கத்தி படாமலே சமாளித்தார்கள்! நடுத்தர, கடுமையான கசிவு உள்ளவர்களிடம் செய்த ஆய்வு அது.

ஆபரேஷன் என்றால் எது?

முதலாவது, சிறுநீர்ப்பைக் கழுத்துப் பகுதியைத் தையல் போட்டு உயர்த்திக் கட்டும் ‘பர்ச்’ ஆபரேஷன். 1961 முதல் இருக்கிறது. இரண்டாவது, நம் வயிற்றுச் சுவரிலிருந்தே ஒரு பட்டைத் திசுவை எடுத்து, சிறுநீர்க்குழாய்க்குக் கீழே தொட்டில்போல் தாங்கவைப்பது. மூன்றாவது, அதே தொட்டிலைச் செயற்கை வலை நாடாவால் செய்வது. ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1990-களில் கொண்டுவந்தது. ஊசி மூலம் திண்மப் பொருளைச் செலுத்துவதும் உண்டு. அது எளிது, ஆனால் பலன் குறைந்து மறுபடி போட வேண்டிவரலாம்.

பிரிட்டன், அயர்லாந்தில் 14 ஆஸ்பத்திரிகளில் 344 பெண்களிடம் நாடாவையும் பர்ச் முறையையும் ஒப்பிட்டு 2002-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் குணமானவர்கள் 66 சதவீதம், 57 சதவீதம். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவுதான். ஆனால் நாடா போட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியதால் செலவு குறைந்தது. நாடா உலகமெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம்.

சில பெண்களுக்கு வருடங்கள் கழித்து வலை திசுவை அரித்தது, தீராத வலி வந்தது. அதை வெளியே எடுப்பது கடினமான ஆபரேஷன். 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த வலை ஆபரேஷன்களை நிறுத்திவைத்தது. 2020-ல் வெளியான விசாரணை அறிக்கை, பெண்களின் புகாரைக் காதில் வாங்கவில்லை என்று மருத்துவத் துறையைக் கண்டித்தது. ஆறு மாதக் கணக்கில் லாபமாகத் தெரிவது பத்து வருடக் கணக்கில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதற்காக நாடாவே கூடாது என்றும் அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல பலன் தந்திருக்கிறது. அமெரிக்கா 2019-ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைக்கும் வலையைத்தான், கசிவுக்கான நாடாவை அல்ல.

சொந்தத் திசுவுக்கும் கணக்கு உண்டு. 655 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், இரண்டு வருடம் கழித்து இருமல் வகைக் கசிவு நின்றவர்கள் சொந்தத் திசு முறையில் 66 சதவீதம், பர்ச் முறையில் 49 சதவீதம். ஆனால் சிறுநீர்த் தொற்றும், சிறுநீர் கழிக்கும் சிரமமும் சொந்தத் திசு முறையில்தான் அதிகம்.

நம் வீட்டுக் கணக்கு

ஒரு தாள் எடுங்கள். ஆஸ்பத்திரி பில், வேலைக்குப் போகாத நாட்கள், துணைக்கு வருபவரின் கூலி, போக்குவரத்து, மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு என எல்லாவற்றையும் எழுதுங்கள். நாள் கூலி 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாரம் தூக்கக் கூடாத 6 வாரத்துக்கு 14,700 ரூபாய் போய்விடும். இது எந்த பில்லிலும் வராது. சும்மா இருப்பதும் இலவசமல்ல. 8 ரூபாய் பேட் தினம் இரண்டு என்றால் வருடத்துக்கு 5,840 ரூபாய்!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெறலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால், உங்களுக்குச் சொன்ன அதே ஆபரேஷன் அட்டையில் வருமா, நாடாவின் விலையும் சேர்த்தியா என்று காப்பீட்டு கவுன்டரில் முன்கூட்டியே கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள்: என் கசிவு எந்த வகை? 3 மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா? செயற்கை வலை வைப்பீர்களா, சொந்தத் திசுவா? இந்த ஆபரேஷனை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? பின்னாளில் தொந்தரவு வந்தால் யாரிடம் வர வேண்டும்? வலை வைத்தால் அதன் பெயர், தயாரிப்பு எண் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள்.

சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, பிரசவம் அல்லது கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு இரவு பகலாக நிற்காமல் ஒழுகினாலோ கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றவர்கள் இன்று இரவு படுக்கும் முன் முதல் 8 முறையைத் தொடங்கலாம். அடுத்த வாரம் வேறொரு செலவோடு சந்திப்போம்!