ஆறு குண்டுத் துப்பாக்கியில் பத்து "டுமீல்"!

கௌபாய் படம் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் குதிரையில் பாய்ந்து வருவான். இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவுவான். "டுமீல்! டுமீல்!" எதிரிகள் சுருண்டு விழுவார்கள். கொட்டகையில் ஒரே கைதட்டல்!

அடுத்த முறை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பல படங்களில் ஏழு, எட்டு, பத்து என்று வெடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அமெரிக்காவில் 1873-ல் வந்த அந்தக் "கோல்ட்" துப்பாக்கியில் ஆறு தோட்டாக்களுக்குத்தான் இடம். விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். தவறிக் கீழே விழுந்தால் தானாக வெடித்துவிடுமே என்று பயம்! தீர்ந்துவிட்டால், காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, புதியவற்றை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். அதுவரை எதிரி காத்திருப்பானா?

புகை எங்கே?

அந்தக் காலத் தோட்டாவில் இருந்தது கருமருந்து. நாலு தடவை சுட்டால் புகை மண்டிவிடும். புகை குறைந்த மருந்து 1884-ல்தான் பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. படத்திலோ எல்லாம் பளிச்சென்று தெரியும்!

1939-ல் வந்த "ஸ்டேஜ்கோச்" படத்தின் கதை 1880-ல் நடக்கிறது. அதில் ஜான் வேய்ன் சுழற்றும் வின்செஸ்டர் துப்பாக்கியோ 1892-ம் வருஷத்து மாடல்!

ஒரே சண்டையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, பிறகு ஒட்டுகிறார்கள். கணக்கு தவறிவிடுகிறது. இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழைகள்.

சிரிக்க முடியாத பிழை

2021 அக்டோபர் 21. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். "ரஸ்ட்" என்ற கௌபாய் படத்தின் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வின் துப்பாக்கியைக் காமிரா பக்கம் நீட்டினார். அது வெடித்தது! ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் என்ற 42 வயதுப் பெண்மணி உயிரிழந்தார். டைரக்டர் ஜோயல் சூசா காயமடைந்தார்.

அந்தத் துப்பாக்கியில் இருக்கவேண்டியவை பொம்மைத் தோட்டாக்கள். பார்வைக்கு நிஜம் போலவே இருக்கும், மருந்து இராது. பலவற்றில் உள்ளே சிறு மணி இருக்கும். காதருகே ஆட்டினால் "கலகல" என்னும். அப்படி ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் போடவேண்டும். அன்று அவற்றிடையே ஒரு நிஜத் தோட்டா கலந்திருந்தது.

துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 2024-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பால்ட்வின் மீதான வழக்கு அதே வருஷம் ஜூலையில் தள்ளுபடியாயிற்று. சாட்சியப் பொருளை அவர் தரப்புக்குக் காட்டாமல் மறைத்ததே காரணம். படம் 2025-ல் திரைக்கு வந்தது.

தம் கம்பெனிப் படங்களில் இனி ரப்பர் துப்பாக்கிதான் என்று நடிகர் ட்வெய்ன் ஜான்சன் 2021-லேயே அறிவித்தார். நல்ல முடிவு! வெடிச் சத்தத்தைப் பிறகு சேர்க்கலாம். நெருப்பையும் புகையையும் கம்ப்யூட்டரில் வரையலாம்.

திரையில் ஏழாவது குண்டு வெடித்தால் ரசிகர்கள் சிரிப்பார்கள். படப்பிடிப்பில் ஒரு தோட்டாவைச் சோதிக்காமல் விட்டால், ஒரு குடும்பம் அழும்.