நன்றி கெட்டது பூனை இல்லை

போன செமஸ்டர் முடியிற நேரம், எங்கட கன்ரீனில் இருந்த பூனை ஒன்றை உரப்பைக்குள் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். பூனையின் பெயர் சூட்டி. குற்றம்: முதலாம் வருடத் தம்பி ஒருவரின் கையை விறாண்டிக் கடித்தது. தீர்ப்பு: "நன்றி கெட்ட சாமான். எவ்வளவு மீன் போட்டிருப்பம்!" கொண்டுபோனவர்கள் வேறு ஆருமில்லை. சூட்டியின் படத்தை வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டு "எங்கட செல்லம்" எண்டு எழுதினவர்கள்தான்.

நாங்களும் அதே மேசையில்தான் இருந்தனாங்கள். தம்பி சூட்டியைத் தூக்கி மல்லாத்தி வயிற்றைப் பிசைந்தபோது சிரித்தோம். உரப்பையின் வாயைக் கட்டினபோது வாயை மூடிக்கொண்டு ரீ குடித்தோம். எனவே குற்றவாளிகளின் பட்டியலில் எங்கட பெயரையும் எழுதிவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறோம்.

அன்றைக்கு எடுத்த வீடியோ இப்பவும் எங்களிடம் இருக்கிறது. 22 செக்கன். முதல் தடவை பார்க்கும்போது பூனை "திடீரெண்டு" பாய்ந்தமாதிரித்தான் தெரியும். சத்தத்தை நிறுத்திவிட்டு ஆறுதலாகப் பாருங்கள். நாலாவது செக்கனில் வால் மேசையில் அடிக்கத் தொடங்குகிறது. ஏழாவதில் காதுகள் பக்கவாட்டில் சரிகின்றன. பத்தாவதில் முதுகுத் தோல் அலைபோல ஒருமுறை நடுங்குகிறது. பதின்மூன்றில் நகத்தை வெளியே எடுக்காமல், வெறும் பாதத்தால் தம்பியின் கையைத் தள்ளிப் பார்க்கிறது. தம்பி "ஐயோ, கை குடுக்குது" எண்டு சிரிக்கிறார். நாங்களும் சிரிக்கிறோம். பதினெட்டில்தான் நகம். அதற்குப் பிறகுதான் பல்லு.

நாலு தரம் சொல்லிப்போட்டுத்தான் சூட்டி கடித்தது. எங்களுக்குத்தான் அந்தப் பாஷை விளங்கவில்லை. விளங்காத எங்களுக்கு ஒரு தண்டனையும் இல்லை.

சரி, பூனையை எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது? பூனைக்கு வாசனைச் சுரப்பிகள் முகத்தில் நிறைய இருக்கின்றன: மீசைக்குப் பின்னால் கன்னத்தில், நாடியில், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட நெற்றிப் பக்கத்தில். கதவு நிலையிலும் கதிரைக் காலிலும் எங்கட முழங்காலிலும் பூனை முகத்தை உரசுவது அங்கே தன் வாசனையைப் பூசத்தான். அந்த இடங்களில் விரலால் மெதுவாக வருடினால் பெரும்பாலான பூனைகள் கண்ணைச் சொருகிக்கொண்டு இன்னும் கிட்ட வரும். முதுகை ஒருமாதிரிப் பொறுத்துக்கொள்ளும். வயிறு, கால், பாதம், வாலின் அடி, இந்த நாலும் வேண்டாம்.

வயிறு ஏன் வேண்டாம் எண்டால், பூனை வேட்டையாடும் பிராணி மட்டுமல்ல, தன்னைவிடப் பெரிய பிராணிகளுக்கு இரையாகக்கூடிய சின்ன உடம்பும்தான். உயிர்நிலைகள் எல்லாம் வயிற்றுத் தோலுக்குக் கீழேதான் கிடக்கின்றன. அங்கே கை வந்தால் முன்காலால் பிடித்து, பின்காலால் உதைத்துக் கிழிப்பது அதன் உடம்பில் ஊறின தற்காப்பு. உங்களுக்கு முன்னால் மல்லாந்து படுக்கிறது எண்டால் "இந்த இடத்தில எனக்குப் பயமில்லை" எண்டு சொல்கிறது. பயமில்லை எண்டு சொன்ன உடனேயே நாங்கள் போய்ப் பயப்படுத்துகிறோம்.

வாலின் அடிப்பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெண்டால் அங்கே தட்டினால் பூனைக்குச் சுகம் எண்டு கன்ரீனில் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. பின்பக்கத்தை உயர்த்தும் பூனைகளும் உண்டுதான். ஆனால் 2015 இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரித்தானிய ஆய்வாளர்கள் பூனைகளின் உடம்பில் வேறுவேறு இடங்களைத் தடவவைத்துப் பார்த்தபோது, மற்ற எல்லா இடங்களையும் விட வாலடியில்தான் பூனைகள் கூடுதலாக வெறுப்பைக் காட்டின.

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும்பும்: "உங்கட ஆராய்ச்சியை நீங்களே வச்சிருங்கோ. நாங்கள் சின்ன வயசில இருந்து வீட்டில பூனை வளர்த்தனாங்கள். எங்களுக்குத் தெரியாததா?" இந்தக் குரலுக்கும் பதில் இருக்கிறது. லோரன் ஃபிங்கா என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் லண்டனில் உள்ள பற்றர்சீ விலங்குக் காப்பகத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஆட்களைப் பூனைகளுடன் பழகவிட்டுக் கவனித்தார்கள். 2022 இல் முடிவு வெளியானது. தங்களுக்குப் பூனைகளைப் பற்றி நல்லாத் தெரியும் எண்டு தங்களுக்கே கூடப் புள்ளி போட்டுக்கொண்டவர்கள்தான் பூனைக்குப் பிடிக்காத இடங்களைக் கூடத் தொட்டிருந்தார்கள். தெரியாதவர் கையை நீட்டிவிட்டுக் காத்திருப்பார். தெரிந்தவர் காத்திருக்க மாட்டார். எங்கட மேசையிலும் அதுதான் நடந்தது.

அடுத்த குரல் இன்னும் பாரமானது: "நாய்க்கடி வியாதி வந்தால் ஆர் பொறுப்பு?" இதை நாங்கள் பகிடியாக எடுக்கவில்லை. விசர்நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். பூனை விறாண்டினாலும் கடித்தாலும் காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பிறகு தாமதிக்காமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் தம்பியிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று என்ன தெரியுமா? "கடிச்ச பூனை இப்ப எங்க?" கடித்த பூனையையோ நாயையோ ஆகக் குறைஞ்சது பத்து நாளாவது கண்முன்னால் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அது உயிரோடு நல்லாயிருந்தால் ஊசியை இடையில் நிறுத்துவதா எண்டு மருத்துவர் முடிவெடுக்கலாம். எங்கட வீரர்கள் என்ன செய்தார்கள்? அடுத்த நாளே பூனையைத் துலைத்துவிட்டார்கள். தம்பி எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டியதாயிற்று. தம்பிக்காகச் செய்ததாகச் சொன்ன காரியம் தம்பிக்கே வினையானது.

உண்மையாகவே பயமிருந்தால் செய்யக்கூடிய வேலை வேறு. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு கன்ரீன் பூனைகளுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடலாம். குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்யலாம். உரப்பை ஒண்டுக்கும் தீர்வில்லை. மீன் முள்ளும் மிச்சச் சோறும் கிடக்கிற இடத்துக்கு இன்னொரு பூனை வரும். வந்தும்விட்டது.

"நன்றி கெட்டது" என்ற சொல்லுக்கும் வருவோம். மனிதர் தானியம் சேர்த்தார்கள், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு இது. அந்த உறவில் எலி பிடிக்கிற வேலையைப் பூனை செய்தது, இருக்க இடத்தை நாங்கள் குடுத்தோம். வயிற்றைப் பிசையலாம் எண்டு எங்கேயும் கதைத்து முடிவாகவில்லை. நாலு மீன் துண்டு போட்டதற்காக ஒரு உடம்பு முழுக்க எங்களுக்குச் சொந்தம் எண்டு நினைப்பதை நன்றி எண்டு சொல்லேலாது. அது கந்துவட்டி.

கடைசியாக, "நாட்டில எவ்வளவு பிரச்சினை, நீங்கள் பூனைக்குக் கட்டுரை எழுதுறியள்" என்பவர்களுக்கு. அன்றைக்கு மேசையில் சொல்லப்பட்ட வசனங்களை ஒருக்கா வரிசையாகப் படியுங்கள். "சும்மா கொஞ்சினதுதானே." "முதல்ல அதுதானே வந்து உரசினது." "அதுக்கு உள்ளுக்குள்ள விருப்பம்தான்." "இதுக்கெல்லாம் கோவிக்கலாமா?" இந்த வசனங்களை வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? கலியாண வீட்டில் பிள்ளை அழ அழக் கன்னத்தைக் கிள்ளுகிற மாமா சொல்லுவார். நெரிசலான பஸ்ஸில் கை வைக்கிறவன் சொல்லுவான். முதலாம் வருடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டுகிற சீனியர் சொல்லுவார். இந்த நாட்டில் பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் வந்துவிட்டது. "பகிடிதானே" என்ற சொல் மட்டும் இன்னும் போகவில்லை.

பூனையையும் மனிசரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. நாங்கள் பார்க்கச் சொல்வது கையை. தனக்கு எது விருப்பமோ அதுதான் மற்றதுக்கும் விருப்பம் எண்டு நினைக்கிற கை, எதைத் தொட்டாலும் அதே கைதான். பூனைக்குச் சீறவாவது தெரியும். எங்கட பிள்ளைகளுக்குச் சீறக்கூடாது எண்டு சொல்லிச் சொல்லித்தான் வளர்க்கிறோம்.

அதனால் பெரிய கொள்கை ஒண்டும் வேண்டாம், மூண்டு காரியம் போதும். பூனையைத் தேடிப் பிடிக்காதீர்கள், விரலை அதன் மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அது வந்து முகத்தை உரசினால் கன்னத்தையோ நாடியையோ மூண்டு செக்கன் வருடிவிட்டு நிறுத்துங்கள். திரும்பவும் தலையை முட்டிக் கேட்டால் தொடருங்கள், கேட்காட்டி விட்டுவிடுங்கள். வாலையும் காதையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இப்ப கன்ரீனுக்கு வந்திருப்பது சாம்பல் நிறக் கடுவன், ஒரு காது கொஞ்சம் கிழிந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. மேசைக்குக் கீழே வந்து, கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறது. நாளைக்கு நீங்கள் வந்தால் கையை நீட்டிப் பாருங்கோ. வந்தால் கன்னம். வராட்டி ரீயைக் குடிச்சிட்டு லெக்சருக்குப் போங்கோ.