கில்மோரின் கிட்டார், மகளின் குரல்

பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் 2024 செப்டம்பரில் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ தனி ஆல்பத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 78. முந்தைய ஸ்டுடியோ ஆல்பம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வயதில் பலரும் பழைய சகாக்களைக் கூட்டிக்கொண்டு பழைய பாணியிலேயே ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கில்மோர் தேடிப் போனது ஆல்ட்-ஜே குழுவுக்குத் தயாரிப்பாளரான சார்லி ஆண்ட்ரூவை. பிங்க் ஃபிளாய்டின் பெருமை ஆண்ட்ரூவை மிரட்டவில்லை. இந்த இடத்தில் கிட்டார் சோலோ எதற்கு என்று கில்மோரிடமே கேட்டிருக்கிறார்! அந்தக் கேள்வி ஆல்பத்துக்குப் பெரும் நன்மை செய்திருக்கிறது.

‘பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்’ பாடலைக் கேளுங்கள். மாண்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ் குழு 1999இல் தந்த பாட்டு இது. இங்கே பாடுவது கில்மோரின் மகள் ரோமனி, ஹார்ப்பும் அவரே. அலங்காரமோ நடுக்கமோ இல்லாத குரல். தந்தையின் கிட்டார் வெகுநேரம் பின்னால் ஒதுங்கி நின்று, கடைசியில்தான் முழுவீச்சில் எழுகிறது. ஒரு சுரத்தை இழுத்து வளைத்து அதை அழவைக்கும் அந்தப் பழைய வித்தை, காத்திருந்து கேட்பதால் இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஆல்பத்தின் உச்சம் இதுதான்.

தலைப்புப் பாடலில் ஒலிக்கும் கீபோர்டு, பிங்க் ஃபிளாய்டில் கில்மோரின் சகாவான ரிச்சர்ட் ரைட்டுடையது. 2007இல் கில்மோர் வீட்டுக் களஞ்சியத்தில் நண்பர்கள் கூடி வாசித்தபோது பதிவானது. அடுத்த ஆண்டே ரைட் புற்றுநோயால் இறந்துபோனார். நினைவஞ்சலி என்று தனியாக எதையும் சேர்க்காமல், அவரையும் வாசிக்கும் ஒருவராகவே கில்மோர் உட்காரவைத்திருப்பது மிகச் சரியான முடிவு.