கத்ர் என்று சொல்லி முடித்துவிடலாமா?



எமது கம்பளைப் பிள்ளைகள் பலர் ஓ.எல். முடித்த கையோடு பியகம, கட்டுநாயக்க தொழிற்சாலைகளுக்கும் கட்டாருக்கும் போகிறார்கள். பாரம் தூக்கும் இடத்தில் ஒரு மௌத் என்று கேள்விப்பட்டால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். நாட்டம்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமும் எமதுதான்.

2015 செப்டம்பர் 11, மக்கா ஹரமில் கிரேன் விழுந்து 100க்கும் மேற்பட்டோர் வபாத்தானார்கள். காற்று பலம்தான். ஆனால் வேலையில்லாத நேரத்திலும் அதன் கையை இறக்காமல் விட்டது பிழை என்றது விசாரணைக் குழு. 2020 ஓகஸ்ட் 1, விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் சோதனையின்போதே கிரேன் சரிந்து 11 பேர் இறந்தார்கள்.

எமது நாட்டில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று கிரேனில் எழுதியிருக்க வேண்டும். சங்கிலியும் கம்பியும் காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டும்.

பெற்றோரே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். இதையும் கேட்போம். "தொங்கும் பாரத்துக்குக் கீழே நிற்காதே மகன்" என்று சொல்லி அனுப்புவோம். நிற்கச் சொன்னால் மறுப்பது மரியாதைக் குறைவல்ல. பணிவை மட்டும் படிப்பித்து அதைச் சொல்லிக்கொடுக்காதது ஆசிரியர்களாகிய எமது பிழை.